உலைக்களமும் படைக்கலமும்

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் வழியில், சேயாற்றங்கரையில் அமைந்த பழம்பதி மாகறல். திருஞானசம்பந்தரின் பாடல் பெற்ற திருக்கோயிலை உடைய அவ்வூரைச் சுற்றிலும் நெல்வயல்களும் ஏரிகளும் பரந்து கிடக்கின்றன. தொண்டை நாட்டின் இத்தகைய உழவூர்களில் முற்காலத்தே கோயிலுக்கும் ஏரிக்கும் அடுத்தபடியாக இன்றியமையாததாய் விளங்கியது கொல்லன் உலைக்களம். கொழுமுனை தேய்ந்தாலும், மண்வெட்டி மழுங்கினாலும், வண்டிச் சக்கரத்தின் பட்டை கழன்றாலும் உழவர் நாடிச் சென்ற இடம் அதுவே.

அக்களத்தில் கொழு அடித்த கையே வேலும் வாளும் அடித்தது. படைக்கலம் செய்வதற்கெனத் தனி உலகம் ஒன்று இருந்ததாக நாம் எண்ணுகிறோம். உண்மையில், போர் மூண்டபோது வேலுக்கு நெருப்பு வளர்த்த உலையே போர் ஓய்ந்தபோது அரிவாளுக்கும் நெருப்பு வளர்த்தது. பேரரசர்களின் தலைநகர்களில் தேர்ந்த படைக்கலக் கொல்லர் இருந்தனர். எனினும் அவர்களும் கற்றது இவ்வுலையின் கல்வியே.

இதனைச் சங்க நூல்கள் தெளிவாகக் காட்டுகின்றன. தகடூரை ஆண்ட அதியமானின் தூதராக ஒளவையார் காஞ்சியிலிருந்த தொண்டைமானிடம் சென்றார். தொண்டைமான் தன் படைக்கலச் சாலையைப் பெருமிதத்துடன் காட்டினான். அங்கே வேல்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்று ஒளிவிட்டன. ஒளவையாரோ, அதியமானின் வேல்கள் பகைவரைக் குத்தி நுனி முறிந்து, பழுதுபார்ப்பதற்காக எப்போதும் கொல்லனது சிறு குடிலிலேயே கிடக்கின்றன என்றார். புகழ்வது போல இகழ்ந்த இச்செய்தி புறநானூற்றின் 95-ஆம் பாட்டில் உள்ளது. பாட்டின் நயம் ஒருபுறம் இருக்க, அதில் அடங்கிய தொழிற்செய்தியை நாம் மறத்தல் கூடாது. ஓர் அரசனின் படை வலிமை அவனது அழகிய சாலையில் இல்லை. முறிந்த நுனியை மறுநாளே கூராக்கித் தரும் கொல்லனிடத்தில் இருந்தது. அந்நூலின் 312-ஆம் பாட்டும் தாய், தந்தை, வேந்தன் ஆகியோரின் கடமைகளோடு ஒப்பவைத்து, வேல் வடித்துக் கொடுப்பதைக் கொல்லனின் கடமையாகக் கூறுகிறது. பிற்காலத்தில் இராசராச சோழனின் தஞ்சைக் கல்வெட்டுகள், ஊர்களில் வரி நீங்கிய நிலங்களை எண்ணுமிடத்துக் கம்மாளர் வாழ்ந்த கம்மாணச்சேரியையும் எண்ணுகின்றன.

மாகறலிலிருந்து காஞ்சிக்குச் செல்வோர் வைகுந்தப் பெருமாள் கோயிலின் திருச்சுற்றில் 8-ஆம் நூற்றாண்டுப் பல்லவர் வரலாற்றைச் சிற்பங்களாகக் காணலாம். போர்க்களக் காட்சிகளில் வீரர் வாளும் கேடயமும் ஏந்தி நிற்கின்றனர். மழையும் காலமும் அரித்த மணற்கல்லிலும் அவர்கள் கைகளில் உள்ள வாளின் வடிவம் ஓரளவு புலப்படுகிறது. காஞ்சியை அடுத்த புள்ளலூரிலோ, 1780 செப்டம்பர் 10-ஆம் நாள் ஐதர் அலியின் படையும் அவர் மகன் திப்புவின் படையும் கர்னல் பெய்லியின் ஆங்கிலப் படையை முறியடித்தன. அன்று மைசூர்ப் படையினர் எய்த ஏவுகணைகளின் மருந்துக்குழல் இரும்பினால் ஆனது. அக்காலத்து ஐரோப்பியர் தம் ஏவுகணைக்குத் தடித்த தாளைக் குழலாகச் சுற்றினர். இரும்புக் குழல் மிகுதியான அழுத்தத்தைத் தாங்கியதால் மைசூர் ஏவுகணை தொலைவாகப் பாய்ந்தது. அக்குழலை உருட்டி இணைத்தவர் யார்? பட்டடையின் முன் அமர்ந்த கொல்லரே.

இனி அப்பட்டடையின் அருகே செல்வோம். ‘இரும்படிக்கும் இடத்தில் ஈக்கு என்ன வேலை’ என்பது பழமொழி. கற்கும் மாணவருக்கு அங்கே வேலை உண்டு. உலைக்களத்தின் அமைப்பு எளியது. மண்ணாற் கட்டிய சிறு உலை, அதனுள் காற்றைச் செலுத்தும் தோல் துருத்தி, நிலத்தில் பதித்த மரக்கட்டையின் மேல் இரும்புப் பட்டடை, பக்கத்தில் நீர்த்தொட்டி. குறடு, சுத்தியல், சம்மட்டி, உளி, அரம் என்னும் கருவிகள் கைக்கெட்டும் தொலைவில் இருக்கும். துருத்தியை மனைவியோ மகனோ இழுப்பர். மூத்த கொல்லன் இடக்கைக் குறட்டால் இரும்பைப் பிடித்து, வலக்கையில் உள்ள சிறு சுத்தியலால் ஓரிடத்தில் மெல்லத் தட்டுவான். சம்மட்டி பிடித்தவன் அவ்விடத்திலேயே ஓங்கி அடிப்பான். சிறு சுத்தியல் அடிப்பதற்கன்று, காட்டுவதற்கு. இருவரும் வாய்திறந்து ஒரு சொல்லும் பேசார். ஓசையே அவர்களுக்குப் பேச்சு.

உலைக்களம் ஏன் இருண்டிருக்கிறது என்று வினவுவோர் உளர். வறுமை அதற்குக் காரணம் அன்று. இரும்பின் வெம்மையைக் கொல்லன் நிறத்தால் அறிகிறான். வெயில் புகுந்தால் அந்நிறம் மறைந்துவிடும். ஏறத்தாழ 600 பாகை சென்டிகிரேடு வெப்பத்தில் இரும்பு மங்கிய செந்நிறம் கொள்ளும். 750 முதல் 800 பாகையில் பழுத்த செம்மை. 900-ஐக் கடந்தால் செம்மஞ்சள். 1,100-க்கு மேல் மஞ்சள். 1,300-ஐ எட்டினால் வெண்மை. வெண்மை முற்றினால் பொறி பறக்கும். இரும்பு எரிந்து வீணாகும். வெப்பமானி கண்டறியப்படுவதற்குப் பன்னூறு ஆண்டுகட்கு முன்பே இக்கணக்கு கொல்லர் கண்ணில் இருந்தது. இன்று வீட்டில் இத்தொழில் பயில்வோர் சிறு காந்தம் ஒன்றையும் துணைக்கொள்கின்றனர். 770 பாகையளவில் இரும்பு காந்தத்தால் ஈர்க்கப்படும் தன்மையை இழந்துவிடும். காந்தம் ஒட்டாத நிலையைச் சற்றே கடந்ததும் தோய்ச்சலுக்குரிய வேளை வந்ததென்று அறிவர்.

தோய்ச்சலே இத்தொழிலின் உயிர்நிலை. செம்மையாகக் காய்ந்த உருக்கை நீரிலோ எண்ணெயிலோ திடீரென அமிழ்த்தினால் அது மிகக் கடினமாகிறது. ஆயினும் கண்ணாடியைப் போல் உடையக்கூடியதும் ஆகிறது. ஆதலின் அதனைத் துலக்கி, மீண்டும் இளஞ்சூட்டில் வாட்டுவர். அப்போது துலங்கிய பரப்பின் மேல் நிறங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் ஓடிவரும். 230 பாகையளவில் வைக்கோல் நிறம், பின்னர்ப் பழுப்பு, 280 அளவில் ஊதா, 300-ஐ நெருங்கும்போது நீலம். சவரக்கத்திக்கு வைக்கோல் நிறத்தில் நிறுத்துவர். வளைந்து நிமிர வேண்டிய வாளுக்கு நீலத்தை நெருங்கவிடுவர். நிறம் ஓடும் வேகத்தில் கண்ணிமைக்கும் நேரம் தவறினாலும் பதம் கெடும்; மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

ஒரு முழ அரிவாள் அடிக்கத் தெரிந்தவன் இரண்டு முழ வாளையும் எளிதில் அடித்துவிடலாம் அன்றோ என்று தோன்றலாம். அஃது அவ்வளவு எளிதன்று. அரிவாளின் முதுகு தடித்தது, தோய்ச்சலின்போது கோணாது. வாளோ நீண்டு மெலிந்தது. ஒரு புறம் ஒரு நொடி முந்திக் குளிர்ந்தாலும் வில்லாக வளைந்துவிடும். மேலும் வாளின் எடை கைப்பிடியை நோக்கிக் குவிய வேண்டும். நுனியில் மிகுந்தால் வீரனின் மணிக்கட்டு விரைவில் சோரும். வாளின் நடுவே நீளமாக ஓடும் பள்ளத்தைக் குருதி வழிவதற்கு வைத்தது எனப் பலரும் கூறுவர். அது வெறும் கதை. வலிமை குன்றாமல் எடையைக் குறைப்பதே அப்பள்ளத்தின் பயன்.

கவசம் வேறுவகை உழைப்பு. வளையக் கவசம் செய்வோன் இரும்புக் கம்பியை ஒரு கோலின்மேல் சுருளாகச் சுற்றி, சுருளை நெடுக வெட்டி, வளையங்களாக்குவான். ஒவ்வொரு வளையமும் நான்கு வளையங்களோடு கோக்கப்படும். சிறந்த கவசத்தில் வளையத்தின் இரு முனைகளையும் தட்டித் துளையிட்டுச் சிற்றாணி கடாவுவர். ஒரு சட்டைக்குப் பல்லாயிரம் வளையங்கள் வேண்டும். இதற்கு உலையைவிடப் பொறுமையே மிகுதியாகத் தேவை.

இத்தனைக்கும் அடிப்படையான உருக்குத்தான் தமிழகத்தின் தனிப் பெருமை. இரும்பின் தொன்மை பற்றிய செய்திகள் அண்மையில் மிகப் பின்னோக்கிச் சென்றுள்ளன. தூத்துக்குடி மாவட்டம் ஆதிச்சநல்லூரில் அலெக்சாந்தர் இரியா என்பார் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகழ்ந்தெடுத்த இரும்பு வாள்களும் வேல்களும் முன்பே அறியப்பட்டவை. 2025 சனவரியில் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை, அம்மாவட்டத்துச் சிவகளையில் கிடைத்த சான்றுகளின்வழி இரும்பின் காலத்தைக் கி.மு. 4-ஆம் ஆயிரத்தாண்டுக்குக் கொண்டுசெல்லும் அறிக்கையை வெளியிட்டது. நொய்யலாற்றின் வடகரையில் உள்ள கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகள் இரும்பும் உருக்கும் ஆக்கிய உலைகளை வெளிப்படுத்தின. பதிற்றுப்பத்து கூறும் கொடுமணம் என்னும் ஊர் இதுவே என்பர் அறிஞர்.

உருக்கு ஆக்கிய முறை வியப்புக்குரியது. உமி கலந்த களிமண்ணால் சிறு மூசைகள் செய்தனர். மூசையினுள் தேனிரும்புத் துண்டுகளையும், ஆவாரங்கட்டைச் சிம்புகளையும் இட்டு, எருக்கு முதலிய பசிய இலைகளால் மூடி, வாயைக் களிமண்ணால் அடைத்தனர். அத்தகைய மூசைகள் இருபதுக்கு மேற்பட்டவற்றை ஓருலையில் அடுக்கி, கரி நிரப்பி, துருத்திகளால் மணிக்கணக்காக ஊதினர். உள்ளே கட்டையும் இலையும் கரிந்து, அக்கரியின் கூறாகிய கார்பன் இரும்பினுட் புகுந்தது. தூய இரும்பு உருகுவதற்கு 1,538 பாகை வேண்டும். கார்பன் சேரச் சேர அவ்வளவு குறைந்துகொண்டே வரும். ஆதலின் சிற்றுலையின் வெம்மையிலேயே உலோகம் நீராயிற்று. மூசை மெல்ல ஆறியபின் உடைத்தால், அடியில் உள்ளங்கையளவு உருக்குக்கட்டி கிடைத்தது. அதில் கார்பன் ஏறத்தாழ 1½ விழுக்காடு இருந்தது. கைத்தொழிலாளர் இலையையும் கட்டையையும் எடுத்த அளவு, பிற்கால வேதியியலார் கணக்கிட்டுக் கண்ட அளவுக்கு இசைந்து நின்றது.

தென்னகத்திலும் இலங்கையிலும் ஆக்கிய இக்கட்டிகள் கடல் கடந்து பாரசீகம், அரபு நாடுகள் ஆகியவற்றை அடைந்தன. 9-ஆம் நூற்றாண்டில் வாள்களைப் பற்றி நூல் எழுதிய அல்-கிந்தி என்னும் அரபு அறிஞர் சரந்தீபு எனப்பட்ட இலங்கையின் வாள்களையும் குறிக்கிறார். அங்குள்ள கொல்லர் இவ்வுருக்கை வாளாக அடித்து, துலக்கி, அமிலம் பூசியபோது, நீரலை போன்ற வரிகள் வாளின் மேனியில் தோன்றின. ஐரோப்பியர் அவற்றைத் தமாசுக்கு வாள்கள் என்று அழைத்து வியந்தனர். வாளுக்குப் பெயர் விற்ற ஊரின் பெயராயிற்று; உருக்கு விளைந்த ஊரின் பெயர் மறைந்தது.

அவ்வுருக்கை ஐரோப்பியர் ‘ஊட்சு’ என்றனர். உருக்கு என்னும் நம் சொல்லோ, உக்கு என்னும் கன்னடச் சொல்லோ திரிந்து இவ்வடிவம் பெற்றது என்பர். 1795-ஆம் ஆண்டில் சார்சு பியர்சன் என்பார் இலண்டன் அரசவைக் கழகத்தில் இதைப் பற்றிக் கட்டுரை படித்தார். பின்னர் மைக்கேல் பாரடே இதனை ஆய்ந்தார். மின்னியலில் புகழ்பெற்ற அப்பேரறிஞர் ஒரு கொல்லரின் மகன் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. அவர் ஊட்சின் சிறப்புக்கு அலுமினியக் கூறே காரணம் எனக் கருதினார், அது பொருந்தவில்லை. 1821-இல் பாரிசு நகரத்துப் பிரயான் என்பார், மிகுதியான கார்பனே காரணம் என்று கண்டார்.

காரணம் கண்டபின்னும் வாள் கைகூடவில்லை. ஐரோப்பியக் கொல்லர் தம் வழக்கப்படி கட்டியை வெண்ணிறம் வரக் காய்ச்சி அடித்தனர். அது பாலாடைக்கட்டி போல் உதிர்ந்தது. கார்பன் மிக்க உருக்கு அவ்வெம்மையில் உள்ளே உருகத் தொடங்கிவிடும் என்பதை அவர்கள் அறியவில்லை. செந்நிறத்துக்கும் செம்மஞ்சளுக்கும் இடைப்பட்ட குறுகிய எல்லையில், சிறுகச் சிறுக, பன்முறை காய்ச்சி அடிக்க வேண்டும். அவ்வெல்லை எந்நூலிலும் எழுதப்படவில்லை. அது கொல்லர் கண்ணில் மட்டுமே இருந்தது.

அதற்குள் இங்கே அத்தொழில் சரியத் தொடங்கியது. கப்பல்களில் வந்திறங்கிய மலிவான ஆங்கில இரும்புக்கு முன் உள்ளூர் உலைகள் நிற்க இயலவில்லை. கரிக்கு வேண்டிய காட்டு மரமும் அரிதாயிற்று. சேலத்துத் தாதைக் கொண்டு சோசையா மார்சல் ஈத்து என்னும் ஆங்கிலேயர் 1830-இல் பரங்கிப்பேட்டையில் தொடங்கிய பெரிய இரும்பாலையும் நிலைக்கவில்லை. 1855-இல் தஞ்சை மராட்டிய அரசு முடிவுற்றது. அதன்பின் அவ்வரண்மனைப் படைக்கலச் சாலையிலிருந்த வாளும் கட்டாரியும் ஈட்டியும் 1860-களில் கலைக்கப்பட்டன. சிறந்தவை சில சென்னை அருங்காட்சியகத்தை அடைந்தன. எஞ்சியவற்றுள் பல உடைக்கப்பட்டுப் பழைய இரும்பு விலைக்குப் போயின. தலைமுறை தலைமுறையாகத் தோய்ச்சலிட்ட அலகுகள் தராசுத்தட்டில் கிடந்த காட்சியை எண்ணினால் நெஞ்சு பொறுக்குமோ? பின்னர் 1878-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம், உரிமம் இன்றிப் படைக்கலம் செய்வதையும் விற்பதையும் வைத்திருப்பதையும் தடுத்தது. கொல்லர் கைக்கு அரிவாளும் மண்வெட்டியும் எஞ்சின. சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அரிவாள் இன்றும் பெயர்பெற்று விளங்குகிறது. லாரியின் கழிந்த வில்பட்டையை வெட்டி அரிவாள் அடிப்பது இக்காலத்துக் கொல்லர் கண்ட வழி.

20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மேலைநாடுகளில் ஒரு புதுமை நிகழ்ந்தது. தொழிற்சாலைகள் பெருகிக் கொல்லர் தேவையற்றுப் போன அந்நாடுகளில், ஆசிரியரும் எழுத்தரும் மருத்துவரும் தம் வீட்டுப் புறக்கடையில் உலை கட்டி, ஓய்வு நாள்களில் இரும்படிக்கத் தொடங்கினர். பழங்கால வாள், வேல், கவசம் ஆகியவற்றை அருங்காட்சியகத்தில் அளந்து பார்த்து, அவ்வாறே செய்து பழகுவது பலருக்கு விருப்பமாயிற்று. 1973-இல் வட அமெரிக்கக் கலைக்கொல்லர் சங்கம் நிறுவப்பெற்றது. அவர்களுட் பலர் மென்மையான இரும்பையும் கடிய உருக்கையும் அடுக்கி ஒட்டி மடித்தடித்து வரிகளை உண்டாக்கி, அதனையும் தமாசுக்கு என்று கூறினர். அது வேறு கலை. பழைய வாளின் வரிகளோ ஒரே கட்டியின் உள்ளிருந்து பிறந்தவை.

இத்தொழிலை வீட்டில் பயில விரும்புவோர் சிலவற்றை அறிதல் வேண்டும். துத்தநாகம் பூசிய தகட்டை உலையில் இட்டால் எழும் புகை நோய் தரும். ஈரமான மூசையில் உருகிய உலோகம் பட்டால் நீராவி வெடித்துச் சிதறும். கண்ணுக்குக் காப்பின்றிப் பட்டடையின் முன் அமர்தல் ஆகாது. நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டமும் அதன் விதிகளும், 9 அங்குலத்துக்கு மேல் நீண்ட அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகன்ற அலகுடைய வாள், குத்துவாள் போன்றவற்றைப் படைக்கலமாகக் கொள்கின்றன. உழவுக்கும் வீட்டுக்கும் உரிய கருவிகள் அவ்வரிசையில் சேரா. ஆதலின் தொடங்குவோர் ஆணியும் கொக்கியும் களைக்கொட்டும் அடித்துப் பழகுவதே முறை.

புறக்கடைக் கொல்லருள் ஒருவர், அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தைச் சேர்ந்த ஆல்பிரெட் பெண்டிரே. குதிரைகளுக்கு இலாடம் அடிப்பது அவரது தொழில். பழைய தமாசுக்கு வாளைத் தன் கையால் செய்துவிட வேண்டும் என்னும் வேட்கை அவரைப் பற்றியது. அவர் தாமே மூசையில் உருக்கு வடித்தார், அடித்தார், முறிந்தது. மீண்டும் வடித்தார். சில முறை வரிகள் தோன்றின. சில முறை தோன்றவில்லை. அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சான் வெர்கோவன் அவருடன் சேர்ந்தார். ஒருவர் அடிக்க, மற்றவர் நுண்பெருக்கியில் நோக்கினார்.

1998-இல் அவ்விருவரும் தம் துணைவரும் முடிவை வெளியிட்டனர். வரிகள் தோன்றுவதற்குக் கார்பன் மட்டும் போதாது. வனேடியம் போன்ற வேறு தனிமங்கள், பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவேனும், தாதிலிருந்து வந்து உருக்கில் கலந்திருத்தல் வேண்டும். பன்முறை காய்ச்சி அடிக்கும்போது அச்சிறு கலப்பைச் சார்ந்தே கடிய துகள்கள் நிரை நிரையாகத் திரண்டு வரிகளாகின்றன. அருங்காட்சியகத்துப் பழைய வாள்களின் துண்டுகளை ஆய்ந்தபோது அவற்றிலும் அக்கலப்பு இருந்தது. பெண்டிரே 2017-இல் மறைந்தார்.

இக்கண்டுபிடிப்பிலிருந்து வெர்கோவன் மற்றொரு கருத்தையும் உய்த்துணர்ந்தார். அதன்படி, பழைய சுரங்கத்தின் தாது தீர்ந்து, வேறிடத்துத் தாது உலைக்கு வந்த ஒரு காலத்தில், கொல்லர் வழக்கம் போலவே மூசை வைத்திருப்பர். வழக்கம் போலவே செந்நிறத்தில் அடித்திருப்பர். வரிகள் மட்டும் வந்திரா. தாதில் குறைந்தது என்னவென்று கண்ணால் அறிய வழியில்லை. தந்தையின் முறையில் பயன் காணாத மகன், தன் மகனுக்கு அதைக் கற்பிக்காமலே விட்டிருப்பான்.